ஹமீது சுல்தான் எழுப்பிய சுவர்

ஹமீது சுல்தானுக்கு ஒரு வியாதி உண்டு. யாரோ கஷ்டப்படுகிறார்கள் என்று காதில் விழுந்துவிட்டால் போதும், மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. கேட்டார்களா, தேவைதானா என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். சொந்த ஊரான புதுமடத்தில் ஒரு கல்யாண வீட்டில், பரிமாற ஆள் இருக்கும்போதே வாளியைப் பிடுங்கிக்கொண்டுபோய் மாப்பிள்ளையின் மாமனார் மடியில் தாள்ச்சாக் குழம்பைக் கொட்டியவர் அவர். அப்போதும் ஊர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவுகளுக்கு மனசு தங்கம்" என்றுதான் சொன்னது. அந்தப் பேச்சு அவருக்கு வெல்லமாக இனிக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சவுதியில் ஜுபைலில் கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காமல் 1994இல் ஊர் திரும்பினார். கையிலிருந்ததைப் போட்டுத் தெருப் பக்கமாக வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினார். பின்பக்கம் மொட்டை மாடி. சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மன்னார் வளைகுடாக் காற்று சட்டைக்குள் புகுந்து வெளியே போகும். மேற்கே எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு முற்றம் முழுக்கப் பச்சையாகத் தெரியும். அது முஹைதீன் போட்ட திராட்சைப் பந்தல்.

முஹைதீன், திராட்சைக்குப் பேர்போன கம்பத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பல வருஷம் சமையல் செய்தவர். அங்கிருந்து பன்னீர் திராட்சைக் குச்சி ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் ஊன்றினார். இந்த மணலில் திராட்சையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஆட்டுப்புழுக்கையும் மீன் கழுவிய தண்ணீரும் குடித்து, கொடி பந்தல் ஏறியது. வருஷத்துக்கு இரண்டு தரம் கவாத்து செய்து, பழைய கிளைகளை வெட்டிவிட்டால், புதுத் துளிரோடு பூங்கொத்தும் வரும். பழம் உச்சிப்புளி கடைகளுக்குக் கூடை கூடையாகப் போகும். நோன்பு காலத்தில் வாசலிலேயே தீர்ந்துவிடும்.

பிள்ளை இல்லாத வீடு அது. முஹைதீனின் மனைவி நூர் நிஷாதான் கொடியைப் பார்த்துக்கொண்டாள். எந்தக் கிளை எந்தப் பக்கம் போகிறது என்று பேர் சொல்லிக் கூப்பிடாத குறையாக அவளுக்குத் தெரியும்.

1996இல் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து படுத்த முஹைதீன் எழுந்திருக்கவில்லை. ஊரே கூடி அடக்கம் செய்தது. நூர் நிஷா இத்தா இருக்கத் தொடங்கினாள். புருஷனை இழந்த பெண் அந்த நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போக மாட்டாள், அந்நிய ஆண்கள் கண்ணில் பட மாட்டாள். ஆனால் அவள் வீட்டுக் குளியலறையும் தண்ணீர்த் தொட்டியும் முற்றத்தின் கோடியில் இருந்தன. பந்தல் முற்றத்தில் பாதியைத்தான் மூடியிருந்தது. மீதிப் பாதி ஹமீது சுல்தானின் மொட்டை மாடிக்குத் திறந்து கிடந்தது.

இது அவர் மண்டைக்குள் ஏறியதோ இல்லையோ, மறுநாளே சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியது.

"அந்தப் புள்ள தொட்டிக்குப் போகணும்னாலும் நம்ம மாடியப் பாத்துக்கிட்டேல்ல போகணும்?" என்றார் மனைவி ருக்கையாவிடம். "மேற்கு ஓரமா ஒரு சுவரு எழுப்பிருவோம். நாளைக்கு நம்ம மாடியில யாரு நின்னாலும் அதுக்குக் கூச்சம் இருக்கக்கூடாது."

"நாம மாடிக்குப் போகாம இருந்தாப் பத்தாதா?" என்றாள் ருக்கையா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சும்மா இருப்பது ஓர் உதவி என்று ஹமீது சுல்தானுக்கு என்றைக்கும் தோன்றியதில்லை.

வேலைக்கு வந்த கொத்தனார், ஓட்டை வைத்த ஜாலிக் கல் அடுக்கலாமே, காற்றாவது வரும் என்று கேட்டார். "ஓட்டை இருந்தா கண்ணு வைக்க எடம் இருக்குன்னு அர்த்தம். கெட்டியா வைங்க" என்றார் இவர். மேஸ்திரி இல்லையா, தானே நின்று தூக்குக் குண்டு பிடித்து, ஆள் உயரத்துக்கு மேலேயே சுவரை ஏற்றிப் பூசினார். பள்ளிவாசலில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. "இப்படியும் ஒரு அண்டை வீட்டார்" என்றார்கள். நூர் நிஷாவுக்கு ஹமீது சுல்தான் காக்கா, அதாவது அண்ணன் முறை; ருக்கையா லாத்தா, அக்கா முறை. கதவுக்குப் பின்னால் நின்று ருக்கையாவிடம் சொல்லியனுப்பினாள்: "அஞ்சு நேரத் தொழுகையிலயும் காக்காவுக்கு துஆ கேக்குறேன்னு சொல்லுங்க லாத்தா."

ஹமீது சுல்தான் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்த முற்றத்துக்கு மேற்கே ஏற்கெனவே கருவாடு அடுக்கிவைக்கும் கிடங்கு, ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. அதன் உயரச் சுவர் மதியம் சாய்ந்ததுமே வெயிலை மறித்துவிடும். கொடி வாழ்ந்ததெல்லாம் கிழக்கிலிருந்து மொட்டை மாடியைத் தாண்டி வந்த காலை வெயிலில். இப்போது அதையும் சுவர் வாங்கிக்கொண்டது. உச்சிப்பொழுதில் வந்து உடனே போய்விடுகிற வெயில்தான் மிச்சம். ஜுபைலில் பத்து மாடிக் கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, தன் வீட்டுச் சுவரின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

இத்தா முடிந்ததும் கீழக்கரையிலிருந்து நூர் நிஷாவின் அண்ணன் சதக் வந்தார். தனியாக இருக்க வேண்டாம், தன் வீட்டுக்கு வந்துவிடு என்றார். நல்ல மனிதர்தான், மனசாரக் கூப்பிட்டார். நூர் நிஷா மறுத்துவிட்டாள். "கொடி இருக்கு காக்கா. ஆப்பம் சுட்டு விப்பேன். யாருக்கும் பாரமா இல்லாம என் வீட்டுலயே இருந்துக்கிறேன்." சதக் யோசித்துவிட்டு, முடிகிறவரை இரு, முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொல் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, அந்தக் கொடி காய்த்தால் அவள் தன் வீட்டில் இருப்பாள், காய்க்காவிட்டால் அண்ணன் வீட்டு மூலையில் ஒரு பாய் விரிப்பாள். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஹமீது சுல்தானுக்கும் தெரியும்.

அந்த முறை கவாத்து முடிந்து துளிர் வந்தது, பூங்கொத்தும் வந்தது. கடுகு போலப் பச்சை மொட்டுகள். அவை விரிவதற்குள் காம்பு நுனியிலிருந்து கறுத்துக் கருகிப் பந்தலுக்கடியில் பொடிப்பொடியாகக் கொட்டின. பத்துக் கொத்துக்கு ஒன்று தேறினால் பெரிது.

"கொடிக்குச் சத்து பத்தல" என்றார் ஹமீது சுல்தான். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. உச்சிப்புளிக்குப் போய் ஒரு மூட்டை யூரியா வாங்கிவந்துவிட்டார். முற்றத்துக்குள் அவர் போக முடியாது. அதனால் ருக்கையாதான் ஒரு சட்டி நிறைய அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொடுப்பாள். நூர் நிஷா வேரைச் சுற்றிப் பாத்தி கட்டி, தன் கையால் தூவித் தண்ணீர் விடுவாள். இது வாராவாரம் நடந்தது.

கொடி கிறுகிறுவென்று வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிதாக, கரும்பச்சையாக, பந்தலில் ஊசி நுழைய இடமில்லாமல் மூடியது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். உச்சிவெயில் என்று கொஞ்சம் வந்ததே, அதுவும் இப்போது இலைக்கு மேலேயே நின்றுவிட்டது. அடியில் தொங்கிய பூவெல்லாம் இருட்டில் கருகியது. சென்ற முறை பத்தில் ஒன்று தேறியது, இந்த முறை அதுவும் இல்லை. ஹமீது சுல்தான் அடுத்த மூட்டை வாங்கினார்.

இப்படியே மூன்று வருஷம். நூர் நிஷா ஆப்பத்தோடு இடியாப்பமும் சுட்டாள், வலை முடையக் கொடுக்கும் வீடுகளுக்குப் போனாள். சதக் வரும்போதெல்லாம் காயில்லாத பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். நூர் நிஷாவோ துஆ கேட்பதை நிறுத்தவில்லை. "எனக்குன்னு காக்கா இவ்வளவு பாடுபடுறாக. அல்லா அவுகளுக்குக் குறை வைக்கக்கூடாது" என்பாள்.

ஒருநாள் ருக்கையா மிளகாய் காயப் போட மாடிக்குப் போனவள், மேலிருந்தே கூப்பிட்டாள். "ஏங்க, இங்கன வாங்க. இந்தக் கூத்தப் பாருங்க."

பந்தலிலிருந்து ஒரு கிளை சுவரைப் பிடித்து ஏறி, உச்சியைத் தாண்டி, இந்தப் பக்கம் மொட்டை மாடியில் இறங்கிக் கிடந்தது. காலை வெயில் முழுக்க அடிக்கிற இடம். அதில் ஐந்தாறு குலை, நீலக்கறுப்பாக, பழுக்கும் பருவத்தில் தொங்கியது.

ருக்கையாவுக்கு ஒரே சந்தோஷம். ஒரு தட்டில் அறுத்து வைத்து, "உன் கொடி எங்க மாடியில வந்து காச்சிருக்கு நூரு" என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹமீது சுல்தான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கிளையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. காலை ஒன்பது மணிக்கு அந்த முற்றம் மாலை மங்கியது போல் கிடந்தது. துணி காயப்போடும் கயிற்றில் போட்டிருந்த துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அது தன் சுவரின் நிழல் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ருக்கையாவை முற்றத்திலிருந்து எடுத்துவரச் சொல்லி, கருகிய கொத்து ஒன்றையும் இலை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு உச்சிப்புளி வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார். அங்கே பூமிநாதன் என்கிற அலுவலர் இருந்தார். கம்பம் பக்கம் வேலை பார்த்து மாற்றலாகி வந்தவர். இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யூரியா எவ்வளவு போட்டீக பாய்?" என்றார்.

இவர் சொன்னார். பூமிநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வெயிலு எப்பிடி?"

"ஒரு சுவரு இருக்கு சார்."

"அதான். வெயிலு பட்டாத்தான் பாய் இலை சாப்பாடு ஆக்கும். அந்தச் சாப்பாடு இருந்தாத்தான் நீங்க போடுற உரத்தக் கொடி செரிக்கும். வெயிலில்லாத கொடிக்கு யூரியாவக் கொட்டுனா, அது செரிக்காம அம்மோனியாவாவே நின்னுக்கிரும். நின்னு, பூக்காம்ப உள்ளருந்து பொசுக்கிரும். உடம்புக்கு முடியாதவன் வாயில பிரியாணியத் திணிச்ச மாதிரிதான். நெழலு மட்டும் இருந்திருந்தாக் கொஞ்சமாச்சும் காச்சிருக்கும். ரெண்டும் சேந்து அடிச்சிருக்கு. ஒங்க கொடியா?"

"இல்ல சார், வேண்டியவக கொடி" என்றார் ஹமீது சுல்தான். பஸ்ஸில் வரும்போது யாரோ சலாம் சொன்னார்கள், பதில் சொன்னோமா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே கடப்பாரையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. அவர் செய்த பிழைகளிலேயே பெரிய பிழை இதுதான். சுவரும் யூரியாவும் தெரியாமல் செய்தவை. இது தெரிந்து செய்தது.

சுவரை இடித்தால் ஏன் இடித்தாய் என்று ஊர் கேட்கும். ஒரு விதவைக்கு மறைப்பாக எழுப்பியதை இடிக்கிற மனுஷன் என்ன மனுஷன் என்று கேட்கும். காரணத்தைச் சொன்னால், அவள் பிழைப்பைக் கெடுத்தது நீதானா என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த துஆ. ஐந்து வேளையும் தன் பேரைச் சொல்லி ஏந்துகிற கைகளிடம் போய், நான்தான் உன்னைக் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம், நோன்பு கழியட்டும், பெருநாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டார். யூரியாவை மட்டும் நிறுத்தினார். அதற்கும் ஒரு பொய் சொன்னார்.

"நூரு கேக்குறா, உரம் தீந்துபோச்சான்னு" என்றாள் ருக்கையா.

"கடையில சரக்கு வரலன்னு சொல்லு."

ருக்கையா அப்படியே சொன்னாள். நூர் நிஷா என்ன செய்தாள் தெரியுமா? காக்காவை எத்தனை தடவைதான் தொந்தரவு செய்வது என்று, ஆப்பம் விற்ற காசில், தெருவில் ஒருவரிடம் சொல்லி இராமநாதபுரத்திலிருந்து தானே யூரியா வரவழைத்துக்கொண்டாள். முன்னைவிடக் கூடுதலாகவே போட்டாள். ஹமீது சுல்தானுக்கு இது தெரிந்தபோது அந்த முறைப் பூவும் தரையில் கிடந்தது.

மறு வாரம் சதக் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கேட்கவில்லை, "கிளம்பு" என்றார். அவளும் மறுக்கவில்லை. ஒரு பெட்டி, பாத்திரம் கட்டிய சாக்கு, தொழுகைப் பாய். ஏறிவிட்டாள்.

ஹமீது சுல்தான் வேனின் பக்கத்தில் போய் நின்றார். சன்னலுக்குத் துணி கட்டியிருந்தது. "தங்கச்சி, ஒரு வார்த்த. கொடிக்கு வெயிலு இல்லாமப் போனது என் சுவராலதான். நான்தான் கவனிக்கல" என்றார்.

துணிக்குப் பின்னாலிருந்து பதில் மெதுவாக வந்தது. "தெரியும் காக்கா. ஈரத் துணி காயலேன்னா பொம்பளைக்குத் தெரியாதா? மொத வருஷமே தெரியும். என் மானத்துக்குன்னு கட்டுனத எப்படி இடிங்கன்னு சொல்லுவேன்? நீங்க போடுற உரத்துல எப்படியும் எந்திரிச்சிரும்னு நெனச்சேன்."

அந்த உரமும்தான் கெடுத்தது என்கிற அடுத்த வார்த்தை அவர் நாக்கின் நுனியில் இருந்தது. அதற்குள் சதக் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா என் தங்கச்சி இவ்வளவு நாளு தனியா இருந்திருக்க முடியாது. உங்க நன்றிய மறக்க மாட்டோம்" என்றார். ஹமீது சுல்தான் வாயை மூடிக்கொண்டார். வேன் போய்விட்டது.

அன்று மத்தியானமே சுவரை இடித்தார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, முழங்காலையும் பார்க்கவில்லை. கல் கல்லாகப் பெயர்த்துத் தெருவில் இறக்கினார். தெருவில் யார் யாரோ காரணம் கேட்டார்கள். "வெயிலு வரட்டும்னுதான்" என்றார். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு வெயில் என்று கேட்டார்கள். அவர் அடுத்த கல்லைப் பெயர்த்தார்.

நூர் நிஷா வீட்டுச் சாவி ருக்கையாவிடம் இருந்தது. தண்ணீர் மட்டும் விட்டார்கள். பூமிநாதன் சொன்னபடி ஒரு துளி உரம் போடவில்லை, அடர்ந்த இலைகளைக் கழித்தார்கள். அடுத்த கவாத்தில் பாதி தேறியது. அதற்கடுத்ததில் பந்தல் கொள்ளாமல் காய்த்தது. ஹமீது சுல்தான் அதில் ஒரு பழம் வாயில் வைக்கவில்லை. முழுவதையும் இரண்டு கூடையில் அடுக்கிக்கொண்டு, ருக்கையாவோடு கீழக்கரைக்குப் பஸ் ஏறினார்.

சதக் வீட்டில் நல்ல மரியாதை. அண்ணன் பிள்ளைகள் கூடையைச் சூழ்ந்துகொண்டார்கள். நூர் நிஷா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று சலாம் சொன்னாள். ருக்கையா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொடி காய்த்த கதையைச் சொன்னதும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹமீது சுல்தான் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் தைரியம் பெற்றார்.

"திரும்பி வந்துருங்க தங்கச்சி. இப்ப நல்லா வெயிலு வருது."

"எப்படி காக்கா வர முடியும்? கூட்டியாந்து வச்சு, மனங்கோணாமப் பாக்குறாக. கொடி காச்சிருச்சு, நான் போறேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

அவருக்குப் புரிந்தது. அவள் இனி அந்த வீட்டுக்கு வர மாட்டாள். இனியும் அடக்கிவைத்தால் மார் வெடித்துவிடும் போலிருந்தது. சொன்னார். யூரியாவைப் பற்றி, பூமிநாதன் சொன்னதைப் பற்றி, கடையில் சரக்கு வரவில்லை என்று சொன்னது பொய் என்பதைப் பற்றி, எல்லாவற்றையும் கதவைப் பார்த்துச் சொன்னார். "நெழலுல யூரியா போட்டதாலதான் பூவு கருகிச்சு. இல்லேன்னாக் கொஞ்சமாச்சும் நின்னிருக்கும். நான் தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். என்ன மாப்புச் செய்யணும்."

ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசட்டும் என்றுதான் வந்திருந்தார்.

"என் கையாலதான போட்டேன்" என்றாள் நூர் நிஷா. குரல் மாறியிருந்தது. "நீங்க வாங்கிக் குடுத்தீக. அள்ளிப் போட்டது நான். நீங்க நிறுத்துனதுக்கு அப்புறமும் காசு குடுத்து வாங்கிப் போட்டேன். அவுக கம்பத்துலருந்து கொண்டாந்து வச்ச கொடிய, என் கையாலயே பொசுக்கியிருக்கேன். எனக்கு இது தெரியாமலே போயிருக்கலாமே காக்கா."

"இல்ல தங்கச்சி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று பதறினார் ஹமீது சுல்தான். உள்ளே அவள் அழுவதும் ருக்கையா சமாதானப்படுத்துவதும் கேட்டன.

மாப்பு கிடைத்தது. புறப்படும்போது, மனசில ஒண்ணும் வச்சுக்கல காக்கா என்று அவளே சொல்லியனுப்பினாள். ஹமீது சுல்தான் காலிக் கூடைகளோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். காலையில் வரும்போது அந்தக் குற்றம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. இப்போது அவளிடமும் இருந்தது.